தானாக நின்ற சட்டை

ஒரு ட்ரம், அதன் மேல் இரண்டு குச்சிகள். படம் அவ்வளவுதான். உயர்நிலைப் பள்ளியின் பேண்டுக் குழுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் ஒரு மதிய இடைவேளையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பென்சிலைப் பிடுங்கி வரைந்த படம். நீல மை, நெஞ்சின் இடது பக்கம், உள்ளங்கை அகலம். அச்சுக்கடைக்காரி அதை வாங்கித் தூரவைத்து ஒரு தடவை, கிட்டவைத்து ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரே கலரு. முப்பத்திரண்டு டி-ஷர்ட்டும் ஒரே சாயந்தரத்துல முடிஞ்சிடும். சனிக்கிழமை கையில குடுத்துடறேன்" என்று மகளிடம் சொன்னாள்.

எந்தச் சனிக்கிழமை என்று சொல்லாமல் விட்டாளே, அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த புத்திசாலித்தனம்.

அவள் கடை பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, சாவி வெட்டுகிறவருக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருந்தது. துணிப்பை, தொப்பி, ஏப்ரன் என்று எதைக் கொண்டுவந்தாலும், வலை கட்டிய சட்டத்தை அதன்மேல் வைத்து மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் எழுத்து விழுந்துவிடும். பதினொரு வருஷமாக இழுத்து இழுத்து அவளுடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பேண்டில் பெரிய ட்ரம் அவளுடையது. வீட்டில் அவள் பெயர் குட்டி. பள்ளியில் இடி.

பேண்டுக்கு டி-ஷர்ட் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பள்ளியின் பேண்டுக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பளிக் கோட்டு. கழுத்துப்பட்டை தாடை வரைக்கும் ஏறும். முன்பக்கம் பதினான்கு பித்தளைப் பொத்தான்கள். எந்தத் தலைமையாசிரியர் காலத்தில், எந்தக் குளிருக்குப் பயந்து தைத்தார்களோ தெரியாது. போன வருஷ அணிவகுப்பில், நல்ல வெயிலில், அந்தக் கோட்டோடு எட்டு நிமிஷம் நடந்ததில் நான்கு பிள்ளைகள் விழுந்தார்கள். மூன்றாவதாக விழுந்தவள் இடி. ட்ரம்மோடு குப்புற விழுந்தாள். கூட்டத்திலிருந்து ஓடிவந்து பொத்தான்களைக் கழற்றியது அம்மாதான். ஆறாவது பொத்தானில் நகம் பிய்ந்தது. பதினான்கைக் கழற்றி முடிக்கும்வரை பிள்ளை கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் தூக்கத்தில் அம்மா அந்தப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அதைப் பற்றிப் பள்ளி ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதியது: "நான்கு மாணவர்கள் இசையில் மெய்மறந்து தரையில் அமர்ந்தனர்."

"இந்த வருஷம் கோட்டு வேண்டாம்மா" என்றார் பேண்டு மாஸ்டர். கழுத்தில் விசிலும் கண்ணில் தூக்கமுமாக இருக்கும் மனுஷர். "லேசா பருத்தில டி-ஷர்ட் போட்டுட்டாப் போதும். உங்க மக விழுந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சிடலாம்."

ஒரு வார்த்தைதான் சொன்னார், பாவம். அன்று மாலைக்குள் 'ஆடை வடிவமைப்பு மேற்பார்வைக் குழு' பிறந்துவிட்டது.

குழு புதன்கிழமை மூன்று மணிக்கு மட்டும் கூடும். நான்கு பேர். தலைமையாசிரியர் தலைவர். பக்கத்தில் ஒழுங்கு ஆசிரியர்; எல்லோரும் தாமதமாக வந்ததாக ஆகவேண்டும் என்பதற்காகவே கூட்ட அறைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருப்பவர். எதிரில் பெற்றோர் சங்கச் செயலாளர் அம்மா. மூலையில் அலுவலகக் கண்காணிப்பாளர், மூன்று முத்திரைகளோடும் ஒரு மைப்பெட்டியோடும். பேண்டு மாஸ்டர் சிறப்பு அழைப்பாளர். அதாவது உட்காரலாம், தேநீர் உண்டு, பிஸ்கட் கிடையாது, பேசக்கூடாது. அச்சுக்கடைக்காரி 'தொடர்புடைய நபர்'. அவளுக்கு நாற்காலி கதவோரம்.

படத்தை மேசையின் நடுவில் வைத்தார்கள்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் தலைமையாசிரியர். அச்சுக்கடைக்காரி எழுந்தே விட்டாள், கடைக்குப் போய் மை கலக்க. "உட்காருங்கம்மா. நல்லாருக்குன்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லலையே. நான் எப்பவுமே பிள்ளைங்க பக்கம். அவங்க எதுக்கு ஆசைப்படணும்னு நாம உட்கார்ந்து முடிவு பண்ணிட்டோம்னா, அப்புறம் அவங்க ஆசையை நிறைவேத்தறது ரொம்ப சுலபம்."

ஒழுங்கு ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "இதுல ரெண்டு குச்சி இருக்கு."

"ட்ரம் அடிக்கிற குச்சிங்க சார்" என்றாள் அவள்.

"எதை அடிக்கிற குச்சியா இருந்தா என்னம்மா? இந்தப் பள்ளிக்கூடத்துல பிரம்பை ஒழிச்சு ஆறு வருஷம் ஆச்சு. அப்ப நான் பட்ட வேதனையை இன்னிக்கு வரைக்கும் வெளியே சொன்னதில்லை. எனக்கே இல்லாத குச்சி, பிள்ளைங்க நெஞ்சுல எதுக்கு?"

குச்சிகளை எடுத்துவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கண்காணிப்பாளர் படத்தின்மேல் முதல் முத்திரையைக் குத்தினார். அது ட்ரம்மின்மேல் சரியாக நடுவில் விழுந்தது.

அடுத்த புதன்கிழமை, குச்சியில்லாத ட்ரம்மோடு அவள் போனாள். பார்ப்பதற்கு அது கேக் டப்பா மாதிரி இருந்தது.

"ட்ரம் மட்டும்தான் பேண்டா?" என்று ஆரம்பித்தார் செயலாளர் அம்மா. "புல்லாங்குழல் வாசிக்கிற பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்? என் பையன் புல்லாங்குழல்ங்கறதுக்காகச் சொல்லலை. அவன் போன வருஷமே விட்டுட்டான். எனக்குத்தான் விட மனசு வரலை."

எனவே புல்லாங்குழல் வந்தது. புல்லாங்குழல் வந்தால் டிரம்பெட் சும்மா இருக்குமா? எல்லாக் கருவிகளும் வந்தன. எந்த வரிசையில் என்று கால் மணி நேரம் இழுபறி. கடைசியில் பள்ளி அவற்றை வாங்கிய தேதி வரிசையில் என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் பெரிய ட்ரம் கடைசி. அது சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி விலாப்பக்கம் போய் ஒதுங்கியது.

பிறகு பள்ளிச் சின்னம். சின்னம் போட்டால் அதன் கீழ் பள்ளியின் கொள்கை வாசகம் கட்டாயம். வாசகம் 'அமைதியே அறிவின் வாசல்'.

"பேண்டுச் சட்டையில அமைதின்னா…" என்று பேண்டு மாஸ்டரின் வாய் தவறிவிட்டது. கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் தேநீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வாசகத்துக்குக் கீழே குழு உறுப்பினர்கள் நால்வரின் பெயர், பதவி. "விளம்பரத்துக்கு இல்லைம்மா" என்று தலைமையாசிரியர் விளக்கினார். "நாளைக்கு ஏதாவது தப்புன்னா யார் பொறுப்புன்னு தெரியணும் பாருங்க. அதனால என் பேர் மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். தப்பே நடக்காதுன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

நிறத்தில்தான் சண்டை. பிள்ளைகள் கேட்ட நீலம் விளையாட்டில் நீல அணியின் நிறம். நீலம் போட்டால் சிவப்பு அணி முறைக்கும். சிவப்பு போட்டால் பச்சை முறைக்கும். மஞ்சள் அணி போன வருஷம் எதிலுமே ஜெயிக்காததால் அது எப்படியும் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடி யோசித்தார். பின் கண்ணைத் திறந்து, "நாலையும் கலந்துடுங்க. ஒற்றுமை நிறம்" என்றார்.

"சார், நாலையும் கலந்தா சேறு மாதிரி வரும்."

"நீங்க அச்சுத்தொழில் பண்றவங்க, உங்களுக்கு நிறம் மட்டும் தெரியுது. எனக்கு ஒற்றுமை தெரியுது."

அவள் கடைக்கு வந்து தகட்டுக் கத்தியால் நான்கு மையையும் கலந்தாள். ஒற்றுமை சேறு மாதிரிதான் வந்தது. சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சாக்கடை அடைச்சுக்கிச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். பருத்தித் துணியில் காற்று போய்வரும். மை விழுந்த இடத்தில் போகாது. உள்ளங்கை அளவு மை என்றால் ஒன்றும் தெரியாது. ஒற்றுமை நிறம், அதன்மேல் கருவிகள், சின்னம், வாசகம், பெயர்கள் என்று கழுத்திலிருந்து இடுப்பு வரை, முன்னும் பின்னும், ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து பூச்சு அடித்தால் அது சட்டை இல்லை; கை வைத்த பிளாஸ்டிக் வாளி. மாதிரிச் சட்டையை அடித்து முடித்துக் காயவைத்து எடுத்தபோது, அது மடியவில்லை. இடி அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, பெரிய ட்ரம்மைத் தோளில் கட்டி, கடைக்கும் தெருமுனைக்கும் நடந்தாள். ஐந்தாவது நடையில் முகம் சிவந்தது. ஏழாவது நடையில் திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். சட்டையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து வேர்வை ஒழுகியது.

"அம்மா, இதுக்கு அந்தக் கோட்டே தேவலாம்மா. அதுல பொத்தானாவது இருக்கு."

அணிவகுப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. இதைக் கண்ணால் பார்த்தால், கையால் தொட்டால், குழுவில் இருப்பவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, அவர்களுக்கே புரிந்துவிடும். நாம் ஒன்றும் பேசவே வேண்டியதில்லை. நல்ல மனசுக்காரர்கள் இப்படித்தான் நினைப்பார்கள்; அதனால்தான் அவர்களுக்கு நாற்காலி கதவோரம் போடுகிறார்கள்.

மூன்றாவது புதன்கிழமை. அவள் சட்டையை அட்டைப் பலகை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தாள். எவ்வளவு விறைப்பு என்று காட்டத்தான் வைத்தாள். கையை எடுத்தாள்.

சட்டை நின்றது.

உள்ளே ஆள் இல்லை. தாங்க ஒன்றும் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு, அது பாட்டுக்கு நின்றது. மின்விசிறிக்குக் கூட அசையவில்லை.

அவள் எதிர்பார்த்த அமைதி வந்தது. அதற்குப் பிறகு வந்தது அவள் எதிர்பார்க்காத கைதட்டல்.

ஒழுங்கு ஆசிரியரின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "இருபத்திரண்டு வருஷமா நான் தேடினது இதைத்தான்" என்றார். "நேரா நிக்குது. பேசலை. பக்கத்துல திரும்பலை. பாத்ரூம் போகணும்னு கேக்கலை. இதுக்குள்ள ஒரு பிள்ளையைப் போட்டு ஏன் கெடுக்கணும்?"

"கம்பீரம்!" என்றார் தலைமையாசிரியர், தன் பெயரை விரலால் தடவியபடி.

"சார், இதுல காத்துப் போகாது. என் மக போட்டு ஏழு நடை நடந்தா, அதுக்குள்ள நனைஞ்சு போயிட்டா. வெயில்ல மறுபடி பிள்ளைங்க விழுந்துடும் சார்."

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். "போன வருஷம் யாரும் விழலையே. நாலு பேர் மெய்மறந்து அமர்ந்ததாத்தான் பதிவு இருக்கு."

"நான்தான் சார் பொத்தானைக் கழட்டினேன்!"

"அதுக்குப் பதிவு இல்லைம்மா. வெயிலும் இன்னிக்குக் கூட்டப்பொருள்ல இல்லை."

சட்டைக்கு நான்கு கையெழுத்தும் மூன்று முத்திரையும் கிடைத்தன. அவள் தெருவில் இறங்கி நடந்தபோது கால் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சலவைக்கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். இவர்களிடம் பிள்ளை விழுந்தாள் என்று சொன்னால் காதில் ஏறாது. காகிதத்தில் இருந்தால் ஏறும். அப்படியென்றால் இனி அவர்கள் பேசுகிற பாஷையில்தான் பேசவேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குப் புத்தியில் உறைத்தது.

நான்காவது புதன்கிழமை. சனிக்கிழமை அணிவகுப்பு. மாதிரிச் சட்டை மேசைமேல் நின்றபடியே ஒரு வாரம் கழித்திருந்தது. செயலாளர் அம்மா அதன் தோளில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் நடைமுறையை வாசித்தார். "மீதி முப்பத்தொரு சட்டையும் மாதிரியோட ஒத்துப் பாக்கணும். ஒவ்வொண்ணும் இந்த மேசைமேல, குழு முன்னால, அஞ்சு நிமிஷம் ஆள் இல்லாம நிக்கணும். அதுக்குப் பேர் நிலைத்தேர்வு. ஒரு கூட்டத்துக்கு ஒரு சட்டை."

"ஒண்ணா? அப்ப முப்பத்தொரு புதன்கிழமை ஆகுமே சார்" என்றாள் அவள்.

"விடுமுறை நீங்கலா" என்று அவர் திருத்தினார்.

"அப்ப இந்தச் சனிக்கிழமை பிள்ளைங்க என்ன போட்டுக்கறது?"

"அதான் கோட்டு இருக்கே" என்றார் தலைமையாசிரியர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

பேண்டு மாஸ்டர் விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அச்சுக்கடைக்காரியின் கண்முன்னால் பதினான்கு பொத்தான்களும் வரிசையாக வந்து நின்றன. கத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கத்தினால் அதற்குப் பதிவு இருக்காது. மெதுவாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"கோட்டு நிலைத்தேர்வு பாஸ் பண்ணிருக்குங்களா சார்?"

கண்காணிப்பாளரின் விரல் கோப்பில் நின்றது. முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். முதல்முறையாக அவர் நெற்றியில் வேர்வை தெரிந்தது. "பண்ணலை" என்றார் மெல்லிய குரலில்.

"பண்ணாத உடையை இத்தனை வருஷமாப் போட்டுக்கிட்டு இருந்தோமா?" என்று எழுந்துவிட்டார் ஒழுங்கு ஆசிரியர். "கொண்டு வாங்க!"

சாமான் அறையிலிருந்து ஒரு கோட்டு வந்தது. மேசைமேல், சட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். கையை விட்டதும் கோட்டு பொத்தென்று விழுந்தது. கழுத்துப் பொத்தானைப் போட்டு நிறுத்தினார்கள். விழுந்தது. பதினான்கு பொத்தானையும் போட்டு நிறுத்தினார்கள். இந்தத் தடவை செயலாளர் அம்மாவின் பிஸ்கட் தட்டின்மேல் விழுந்தது. பக்கத்தில் மாதிரிச் சட்டை அசையாமல் நின்றது.

"வெட்கக்கேடு" என்றார் ஒழுங்கு ஆசிரியர். கோட்டு தடை செய்யப்பட்டது. முத்திரை விழுந்தது. மாஸ்டரின் கை விசிலை விட்டது.

இப்போது குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டை ஒன்றுதான் இருக்கிறது, கோட்டு இல்லை, சனிக்கிழமைக்கு மூன்று நாள்.

"பிள்ளைங்களை வெறும் உடம்போட அனுப்ப முடியாதே" என்று செயலாளர் அம்மா கவலைப்பட்டார். "பெற்றோர் சங்கத்துல கேள்வி வரும்."

"சார்" என்றாள் அவள் மறுபடியும். "ஒரு சந்தேகம். ட்ரம் துடைக்கிற துணிக்குக் குழு அனுமதி வேணுங்களா?"

கண்காணிப்பாளருக்குத் தெரிந்த விஷயம் கிடைத்ததில் உயிர் வந்தது. "அது சில்லறைச் சாமான்மா. சாக்பீஸ், துடைப்பம், துடைக்கிற துணி. இதுக்கெல்லாம் குழு கூடினா பள்ளிக்கூடம் நடக்குமா? என் கையெழுத்தே போதும்."

"வெள்ளைத் துணி, முப்பத்திரண்டு உருப்படி. ஓரத்துல அடையாளத்துக்கு ஒரு சின்னப் படம் இருந்தா பரவால்லையா?"

"துணியில என்ன இருந்தா நமக்கென்ன?"

"ரெண்டு கை வச்சிருந்தா?"

அவர் யோசித்தார். "ட்ரம்முக்கு ரெண்டு பக்கம் இருக்கில்ல. இருக்கட்டும்."

"நடந்துக்கிட்டே இருக்கும்போது துடைக்கணும்னா கையில வச்சுக்க முடியாது சார். கையில குச்சி இருக்கும்."

"அப்ப உடம்புல எங்கயாவது மாட்டிக்கச் சொல்லுங்க. இதையெல்லாம் கூடவா நான் சொல்லணும்?"

பேண்டு மாஸ்டருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அவர் இருமிக்கொண்டே வெளியே போனார். வராந்தாவில் அந்த இருமல் வெகுநேரம் சிரிப்பு மாதிரி கேட்டது.

அன்று மாலையே அவள் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட், நீல மை, நெஞ்சின் இடது பக்கம், உள்ளங்கை அகலத்தில் ஒரு ட்ரம், இரண்டு குச்சிகள். முப்பத்திரண்டு இழுப்பு. தோள் வலிக்கவே இல்லை. இடி ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டு, "துடைக்கிற துணி ஒண்ணு, துடைக்கிற துணி ரெண்டு" என்று எண்ணினாள்.

சனிக்கிழமை வெயில் ஒன்றும் தயவு பார்க்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்ட மேடை. அதில் குழுவுக்கு நான்கு நாற்காலி, சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று. சட்டை நாற்காலியில் உட்கார மறுத்ததால் அதன்மேல் நிற்கவைத்திருந்தார்கள். அச்சுக்கடைக்காரி கூட்டத்தின் முன்வரிசையில், தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பாதி திருகி வைத்துக்கொண்டு, ஓடுவதற்கு வாகாக ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள்.

விசில் ஊதியது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் வெள்ளையாக மைதானத்துக்குள் வந்தார்கள். நடுவில் இடி.

"பிள்ளைங்க போட்டிருக்கற சட்டை அழகா இருக்கே" என்றார் சிறப்பு விருந்தினர்.

"அது சட்டை இல்லைங்க, துணி" என்றார் தலைமையாசிரியர் அவசரமாக. "சட்டை இதோ, உங்க பக்கத்துல."

விருந்தினர் திரும்பினார். வாழ்க்கையில் எத்தனையோ பள்ளிக்கூட மேடை ஏறியவர். எதையும் கேட்கக்கூடாது என்று கற்றுக்கொண்டவர். சட்டையைப் பார்த்து லேசாகத் தலையசைத்து வணக்கம் சொல்லிவைத்தார்.

அவள் காதில் இதெல்லாம் விழவில்லை. அவள் நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. ஏழாவதில் மகளின் கழுத்தில் வேர்வை மின்னியது, கால் தடுமாறவில்லை. எட்டாவது நிமிஷம் வந்தபோது பாட்டில் மூடி முழுசாகத் திருகிக் கையோடு வந்துவிட்டது. ஒன்பது. பின்னாலிருந்து கொஞ்சம் காற்று வீசியது. முப்பத்திரண்டு முதுகிலும் துணி படபடத்து உப்பியது. பத்து. பெரிய ட்ரம்மின் அடி ஒவ்வொன்றும் பார்க்கிறவர்களின் நெஞ்சில் வந்து விழுந்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் பேண்டு நின்றது. யாரும் விழவில்லை. ஒரு பிள்ளைகூட.

ஆண்டுதோறும் அணிவகுப்பின் முடிவில் ஒழுங்குப் பதக்கம் ஒன்று உண்டு. கடைசிவரை அசையாமல் நின்றவருக்கு. போன வருஷம் தகுதியானவர் யாரும் நிற்கவில்லை என்று கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் ஒழுங்கு ஆசிரியர் தழுதழுத்த குரலில் அறிவிக்க, சிறப்பு விருந்தினர் எழுந்து பதக்கத்தைச் சட்டைக்குக் குத்தினார். ஊசி மையைத் துளைக்கவில்லை, வளைந்துவிட்டது. இரண்டாவது ஊசியும் வளைந்தது. கண்காணிப்பாளர் பையிலிருந்து ஒட்டுநாடா எடுத்துக் கொடுத்தார். பதக்கம் சட்டையின் இடது தோளுக்குக் கீழே ஒட்டப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தினர் கைகுலுக்கக் கையை நீட்டி, பிறகு நினைவு வந்து மடக்கிக்கொண்டார்.

மைதானத்தின் அந்தக் கோடியில், ட்ரம்மைக் கழற்றி வைத்துவிட்டு இடி ஓடிவந்தாள்.

"அம்மா, உள்ள காத்துப் போச்சும்மா! நடக்கும்போது பின்னாடி ஜிலுஜிலுன்னு போச்சு!"

அம்மாவுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக உள்ளே கிடந்த அழுகை. மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாட்டில் தண்ணீரைத் தானே மடமடவென்று குடித்து முடித்தாள்.

"அது எனக்குக் கொண்டாந்தது இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

அடுத்த புதன்கிழமை, முப்பத்தொன்றில் முதல் சட்டையை எடுத்துக்கொண்டு அவள் கூட்டத்துக்குப் போனாள். வேண்டாம் என்று விட்டுவிட்டால் யாராவது எதையாவது யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். புதன்கிழமைக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டிருப்பதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. நான்கு கையெழுத்துப் போட்ட மாதிரிச் சட்டை மேசை நடுவில் பதக்கத்தோடு நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. பேண்டு மாஸ்டர் கூட்டத்தில் இல்லை; அவருக்கு அழைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அவர் பிள்ளைகளோடு ஜன்னலுக்கு நேர் கீழே பயிற்சிக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார். "அணிவகுப்பில் சட்டை இறுதிவரை அசையாது நின்றது. மாணவர்கள் அசைந்தனர்."

"அதைத்தான் நான் பேசணும்" என்றார் ஒழுங்கு ஆசிரியர். "அடுத்த வருஷம் சட்டைங்களைக் கூட்டிப் பிள்ளைங்களைக் குறைச்சா என்ன? முப்பத்திரண்டு சட்டை நிக்கட்டும். ஒரு பிள்ளை போதும், தூசி தட்ட."

"சத்தம்?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

"அமைதிதானேம்மா நம்ம வாசகம்? சட்டையிலயே இருக்கே."

தலைமையாசிரியர் கண்ணை மூடி யோசித்தார். அவர் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒற்றுமை நிறம் அப்படித்தான் பிறந்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அப்போது கீழே இடி பெரிய ட்ரம்மில் முதல் அடியை அடித்தாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தேநீர்க் கோப்பைகள் தட்டில் கலகலத்தன. இரண்டாவது அடி. மேசைக் கண்ணாடியில் ஓர் உதறல். சட்டை பதக்கம் இருந்த பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. ஒழுங்கு ஆசிரியர் பிடிக்கக் கையை நீட்டினார். மூன்றாவது அடியில் சட்டை, தலைமையாசிரியர் பெயரோடு, நான்கு கையெழுத்தோடு, குப்புற விழுந்தது.

கீழே முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவை எடுத்தார். எழுதியதை, வழக்கம்போல, உரக்க வாசித்தார்:

"சட்டை இசையில் மெய்மறந்து மேசைமேல் அமர்ந்தது."